ஒரு கணினி, ஐந்து மௌஸ்

ஒரு கணினியில் இரண்டு மௌஸ்களைச் சொருகினால் என்ன ஆகும்? இரண்டுமே வேலை செய்யும். ஆனால் திரையில் அம்புக்குறி ஒன்றுதான். ஒருவர் இடப்பக்கம் இழுக்க, இன்னொருவர் வலப்பக்கம் இழுக்க, அம்புக்குறி நடுவில் கிடந்து திண்டாடும். இரண்டு கீபோர்டு சொருகினாலும் இதே கதைதான். இருவர் தட்டுவதும் கலந்து ஒரே பெட்டிக்குள் விழும்.

ஒரு கணினிக்கு ஒரு ஆள் போதாதா, இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். பள்ளிக்கூடங்களில் நிலைமை வேறு.

பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டோயாமா ஆகியோர் இதைத்தான் கவனித்தார்கள். கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு கணினியைச் சுற்றிப் பல பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மௌஸ் ஒரு பிள்ளையின் கையில். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். புதுக் கணினி வாங்கப் பணம் இல்லை. ஆனால் கணினி விலையோடு பார்த்தால் மௌஸ் விலை ஒன்றுமே இல்லை. ஆளுக்கு ஒரு மௌஸ், ஆளுக்கு ஒரு நிற அம்புக்குறி கொடுத்தால் என்ன? இந்த யோசனையை 2006-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில் 238 பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து மௌஸ்களோடு ஒரு கணினியைப் பகிர்ந்துகொண்ட பிள்ளைகள், தனிக் கணினி கிடைத்த பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இணையாகச் சொற்களைக் கற்றார்கள். போட்டி போட்டு விளையாடுவதா, கூடிச் செய்வதா என்பதைப் பொறுத்துப் பையன்கள் கற்றது நன்றாகவே மாறுபட்டது. பெண் பிள்ளைகள் எப்படி இருந்தாலும் ஒரே அளவில் கற்றார்கள்!

இவ்வளவு எளிய யோசனை ஏன் எல்லாக் கணினியிலும் வரவில்லை? காரணம் மௌஸில் இல்லை, மென்பொருளில் இருக்கிறது.

சொருகிய ஒவ்வொரு மௌஸையும் இயங்குதளம் தனித்தனியாகவே அறியும். ஆனால் பயன்பாட்டு மென்பொருளுக்குச் சொல்லும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, 'மௌஸ் இங்கே நகர்ந்தது, இங்கே கிளிக் ஆனது' என்று மட்டும் சொல்லிவிடும். 'எந்த மௌஸ்' என்ற தகவல் வழியிலேயே தொலைந்துபோகும். விண்டோஸ் எக்ஸ்பி (2001) முதல் 'ரா இன்புட்' என்ற தனி வழியில் அதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் கூடுதல் அம்புக்குறிகளை அந்த மென்பொருளே வரைய வேண்டும், யார் எதைத் தொட்டார் என்பதையும் அதுவே கணக்கு வைக்க வேண்டும். சாதாரண பட்டனுக்கும் மெனுவுக்கும் இது எதுவும் தெரியாது.

லினக்ஸ் பக்கம் இதை அடியிலிருந்தே சரிசெய்யப் பார்த்தவர் பீட்டர் ஹட்டரர். தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதிய 'எம்பிஎக்ஸ்', 1984-ல் எம்ஐடியில் பிறந்த 'எக்ஸ்' திரை அமைப்புக்குப் பல அம்புக்குறிகளைக் கொடுத்தது. 2009-ல் எக்ஸ் சர்வர் 1.7 பதிப்போடு அது எல்லோருக்கும் கிடைத்தது.

அதில் ஒரு வேடிக்கையான சிக்கல். 'அம்புக்குறி எங்கே இருக்கிறது?' என்று கேட்க எக்ஸில் ஒரு கட்டளை உண்டு. எந்த அம்புக்குறி என்று சொல்ல அதில் இடமே கிடையாது. அம்புக்குறி இரண்டு இருக்கக்கூடும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை! பழைய மென்பொருள் இந்தக் கேள்வியைக் கேட்டால், அதற்கென்று ஒரு அம்புக்குறியை ஒதுக்கி, அதன் இடத்தைப் பதிலாகச் சொல்லும்படி செய்தார் ஹட்டரர்.

அடுத்த தலைவலி பட்டன், மெனு, எழுதும் பெட்டி எல்லாவற்றையும் தயாராகக் கொடுக்கும் ஜிடிகே போன்ற ஃபிரேம்ஒர்க்குகளுக்கு. சில உதாரணங்கள் பாருங்கள்.

அம்புக்குறி மேலே வந்தால் பட்டன் ஒளிர வேண்டும், போனால் அணைய வேண்டும். இரண்டு அம்புக்குறிகள் உள்ளே இருந்து ஒன்று மட்டும் வெளியே போனால்? அணையக் கூடாது. ஆக, உள்ளே எத்தனை பேர் என்று பட்டன் எண்ண வேண்டும்.

அடுத்தடுத்து இரண்டு கிளிக் வந்தால் டபுள் கிளிக். ஆனால் முதல் கிளிக் ஒருவருடையது, இரண்டாவது இன்னொருவருடையது என்றால்? அது டபுள் கிளிக் ஆகாது.

மெனு திறந்ததும் மௌஸ் முழுவதும் அந்த மெனுவின் பிடிக்குள் போய்விடும். வெளியே கிளிக் செய்தால் மெனு மூடிக்கொள்வது அதனால்தான். ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி மெனு திறந்தால் மற்ற நால்வரின் மௌஸும் உறைந்துபோகலாமா? கூடாது. பிடியும் ஆளுக்குத் தனித்தனி.

2011-ல் வந்த ஜிடிகே 3 பல சாதனங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டது. இதற்கான வேலையைச் செய்தவர் கார்லோஸ் கார்னாச்சோ. பின்னர் ஒரு நல்ல கருத்து வந்தது: 'சீட்', அதாவது இருக்கை. ஒருவர் கையில் உள்ள மௌஸ், கீபோர்டு, பேனா எல்லாம் சேர்ந்து ஒரு இருக்கை. எக்ஸுக்கு அடுத்து வந்த வேலண்ட், 2016-ல் வந்த ஜிடிகே 3.20, 2020-ல் வந்த க்யூடி 6 மூன்றிலுமே இந்தக் கருத்து இருக்கிறது.

தொடுதிரை வந்த பிறகு பல விரல்களைக் கையாள எல்லா ஃபிரேம்ஒர்க்கும் பழகிவிட்டது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை. ஒவ்வொரு தொடுகைக்கும் ஒரு எண் உண்டு, அது யாருடைய விரல் என்பது மட்டும் தெரியாது. ஒரே படத்தில் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு விரல் வைத்தால், ஒரே ஆள் படத்தைப் பெரிதாக்குகிறார் என்று நினைத்துக்கொள்ளும். 2001-ல் மிட்சுபிஷி ஆய்வகத்தில் செய்த 'டைமண்ட் டச்' மேசை இதைக்கூடக் கண்டுபிடித்தது. உட்காரும் நாற்காலி வழியாக மெல்லிய மின் சமிக்ஞையை உணர்ந்து, தொட்டது யார் என்று பிரித்துச் சொன்னது. ஆனால் அது வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்து சேரவில்லை.

இன்றைக்கும் விண்டோஸில் இரண்டு மௌஸ் சொருகினால் அம்புக்குறி ஒன்றுதான். இணைய உலாவிகளிலும் மௌஸ்கள் எல்லாம் ஒன்றாகவே கலந்து வரும். மென்பொருள் எழுதப் பழகும் மாணவர்கள், ஒவ்வொரு கிளிக் வரும்போதும் 'எங்கே?' என்பதோடு 'யாருடையது?' என்றும் கேட்டு எழுதினால் நல்லது. இது ஒரு ஆள் பயன்படுத்தும்போது வீண் வேலையாகத் தெரியும். ஒரு கணினியைச் சுற்றி ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்தால், நான்கு பேர் வேடிக்கை பார்ப்பதா, ஐந்து பேரும் படிப்பதா என்பது அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.