எந்த மாதம் வரலாம்?

கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு எந்த மாதம் வரலாம் என்று கேட்பவர்களிடம், யார் யாரை அழைத்து வருகிறீர்கள், எத்தனை இரவு தங்குவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். வழிகாட்டித் தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிற இந்நாளிலும் அந்த வழக்கம் என்னை விட்டபாடில்லை. சென்ற சித்திரையில் ஒரு குடும்பத்தாரிடம் இவ்விதம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, இங்கே பிரயாண ஏற்பாடு செய்து கொடுக்கும் வாலிபர் ஒருவர் அருகில் நின்று கேட்டுவிட்டு, "பெரியவரே, மழை வருமா வராதா என்று போனே சொல்லிவிடுகிறது, நீங்கள் இதற்குப்போய் ஜாதகம் பார்க்கிறீர்களே!" என்று பரிகாசம் செய்தார். குடும்பத்தாரும் சிரித்தார்கள். பரிகாசத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பருவம் பார்ப்பது ஒரு வித்தை என்பதையே அறியாத ஒருவர் அதை விலைக்கு விற்கிறாரே என்பதுதான் வருத்தம்.

போன் சொல்வது ஊரைப் பற்றி. ஊர் என்பது ஏரியைச் சுற்றிய பள்ளம். பன்னிரண்டு மைல் சுற்று எனப்படும் சுற்றுலாப் பாதையில் இருப்பதோ மலையின் தென் விளிம்பு. ஏரியில் வெயிலடிக்கும் அதே நேரத்தில் தூண் பாறையில் முன்னால் நிற்பவரின் முகம் தெரியாது. பைன் காட்டில் தூறல் விழுகையில் தூண் பாறை பளிச்சென்று நிற்பதும் உண்டு. என் தொழிலில் பாதி இந்தத் தூண் பாறை மேகத்தோடு நடத்திய வழக்கு என்றே சொல்லலாம். நானூறு அடி உயரமுள்ள பாறைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து புறப்பட்டு வந்து, கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெறும் வெண்மையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஜனங்களின் முகத்தை நாள்தோறும் பார்த்தவனுக்கு, இந்த மேகம் எங்கிருந்து, எப்போது வருகிறது என்ற விசாரம் பிறக்காமல் இருக்குமா?

கீழே பெரியகுளத்துச் சமவெளியில் சூரியன் ஏற ஏற, அங்குள்ள ஈரக்காற்று சூடாகிச் செங்குத்தான மலைச்சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. ஏழாயிரம் அடி உயரத்தை நெருங்கும்போது குளிர்ந்து மேகமாகி விளிம்பைத் தாண்டி உருளுகிறது. ஆகையால் அநேக நாட்களில் காலை தெளிவாக இருக்கும். பத்து, பதினொரு மணிக்குத் திரை விழுந்துவிடும். தை, மாசியில் கீழ்க்காற்று வறண்டிருப்பதால் திரை பிற்பகல் வரையில் விழாமலே இருப்பதுண்டு. சித்திரை, வைகாசியில் முற்பகலிலேயே மூடி, மாலையில் இடியோடு கோடை மழை கொட்டும்; மழை விட்டபின் அரைமணி நேரம் அற்புதமாகத் திறக்கும், ஆனால் அதற்குள் எல்லோரும் விடுதிக்குத் திரும்பியிருப்பார்கள். ஆனி முதல் ஆவணி வரையில் கேரளத்துக் காற்று மன்னவனூர்ப் பக்கமாக மேல்மலையைத்தான் முதலில் அடிக்கிறது. ஊருக்கு வருவது அதன் மிச்சம். ஐப்பசி பிறந்தால் வங்கக் கடல் மழை நேராக நம்மீது வருகிறது. அப்போது மலைப்பாதையில் மரம் சாயும், மண் சரியும். 2018 நவம்பரில் கஜா புயல் இங்கே என்ன செய்தது என்பதை அன்று ஊரில் இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இது நான் கண்டுபிடித்த ரகசியமன்று. சூரியனை ஆராய ஓர் இடம் வேண்டுமென்று மிச்சி ஸ்மித் துரை நீலகிரியையும் பழனி மலையையும் வருஷக்கணக்கில் சோதித்த பிறகே இந்த மலை தேர்ந்தெடுக்கப்பட்டது. 1899-இல் ஆராய்ச்சி நிலையம் இங்கே வந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதை எவர்ஷெட் என்ற சாஸ்திரக்காரர் இங்கிருந்துதான் கண்டார். அது 1909, ஜனவரி மாதம். மாதத்தைக் கவனியுங்கள். சாஸ்திரக்காரர் வருஷங்கள் செலவிட்டுத் தேடிய வானத்தை, நம்மவர் லீவு கிடைத்தது என்ற ஒரே காரணத்துக்காக மே மாதத்தில் வந்து தேடுகிறார்கள்.

மே மாதத்துக்குச் 'சீசன்' என்ற பட்டம் எப்படி வந்தது? 1845-இல் மதுரையிலிருந்து அமெரிக்கப் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே வந்து வீடு கட்டினார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரர்களும் கோடை முழுவதையும் இங்கேயே கழித்தார்கள். இன்று மேகம் மூடினால் நாளை திறக்கட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு அவகாசம் இருந்தது. மாதக்கணக்கில் தங்கியவர்களின் சீசனை இரண்டு இரவு தங்குபவர்கள் சுவீகரித்துக்கொண்டதில்தான் கோளாறு. தங்கும் நாள் குறையக் குறைய, பருவத்தை நுணுகிப் பார்க்க வேண்டியதல்லவா? பிரையண்ட் பூங்காவின் மலர்க் கண்காட்சி ஒன்றுக்காக மே மாதத்தில் வருவேன் என்பவரோடு எனக்குத் தகராறு இல்லை. மற்றவர்கள் வெள்ளி நீர்வீழ்ச்சியிலிருந்தே வண்டிக்குள் உட்கார்ந்து, முன்னால் போகும் வண்டியைத்தான் தரிசிக்கிறார்கள். நிலைமை முற்றிப்போய் உயர்நீதிமன்றமே தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவந்தது. மறு வருஷம் சாதாரண நாளில் நாலாயிரம் வண்டி, வார இறுதியில் ஆறாயிரம் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மேயில் வந்து குறிஞ்சிப்பூ எங்கே என்று கேட்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? அது 2018-இல் பூத்தது. இனி 2030-இல்தான், அதுவும் ஆடி, ஆவணி வாக்கில்.

இப்போது வசதியுள்ள குடும்பங்கள் மலையை விட்டு வெளிநாட்டுக் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போகின்றன. போகட்டும், அங்கும் வித்தை இதுவேதான். இரண்டு தலைமுறையாக என்னோடு மலை சுற்றிய மதுரைக் குடும்பம் ஒன்று, டோக்கியோ டிஸ்னிலாந்துக்கு மே முதல் வாரத்தில் சீட்டு வாங்கிவிட்ட பிறகு, "தாத்தா, நல்ல சமயந்தானே?" என்று பேத்தியை விட்டுக் கேட்கச் சொன்னது. ஏப்ரல் 29 முதல் மே 5 வரையில் ஜப்பானியருக்குத் தொடர் விடுமுறை. கடைசி நாள் குழந்தைகள் தினம். அந்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் கூடும் வரிசையின் கடைசியில் நம் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவானேன்? பத்தாம் தேதிக்குப் பின் போயிருந்தால் விடுமுறைக் கூட்டமும் இராது, ஜூனில் தொடங்கும் மழையும் வந்திராது. சிங்கப்பூரின் செந்தோசாவுக்குப் போகிறவர்கள் அவ்வூர்ப் பள்ளி விடுமுறையான ஜூனையும், விடுமுறையும் மழையும் சேர்ந்து வரும் டிசம்பரையும் விலக்க வேண்டும். நம் லீவைப் பார்ப்பதற்கு முன் அவர்கள் லீவைப் பார்க்க வேண்டும் என்ற இந்தச் சிறு விஷயத்தைச் சீட்டு விற்றவர் சொல்லவில்லை.

நம் மலைக்கு வருவோம். மூச்சிரைப்புள்ள பெரியவர்கள் இருந்தால் தை மாதம் கூடாது. ஏரிக்கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படியும் காலம் அது. இளம் தம்பதிகளுக்கு அதைவிடச் சிறந்த காலம் கிடையாது. சிறு குழந்தைகளுக்குப் பாறை காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர்களுக்குப் படகும் குதிரையும் சைக்கிளும் போதும், மேகம் அவற்றை ஒன்றும் செய்யாது. பள்ளிப் பிள்ளைகளோடு எல்லோரும் வருவதானால் காலாண்டுப் பரீட்சை விடுமுறைதான் என் முடிவு: மேற்கு மழை ஓய்ந்துவரும், கிழக்கு மழை தொடங்கியிராது, மாலைத் தூறல் இருந்தாலும் காலை நம்முடையது, அறை வாடகையும் இறங்கியிருக்கும்.

ஆனால் அப்படி வந்தும் பயனில்லாமல் செய்ய வழி வைத்திருக்கிறார்கள். வாசல் திறக்கும்போதே தூண் பாறையில் நின்று, ஏரியைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னால், வண்டியோட்டும் தம்பிமார்கள் கேட்பதில்லை. விடுதி வாடகையில் காலை உணவு சேர்த்தியாம். ஒன்பதரைக்கு முன் ஒருவரும் மேஜையை விட்டு எழுந்திருப்பதில்லை. பூரியும் பொங்கலும் முடிந்து, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, வண்டி பன்னிரண்டு மைல் பாதையில் திரும்பும்போது மணி பதினொன்று.