வெளிச்சம் புகும் பல்

டத்தோ கிராமாட் சாலையில், இப்போது பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் நிற்கும் பகுதியில், முன்பு வெள்ளீயம் உருக்கும் ஆலை இருந்தது. வெள்ளீய ஆக்சைடைக் கலந்தால் பீங்கான் மெருகு ஒளிபுகாத வெண்மையாகிவிடும். அந்தச் சாலையிலிருந்து பிரியும் சந்தொன்றில், கடைவீட்டு மாடியில் நான் பார்க்கப் போனவர்களின் வேலை அதற்கு நேர் எதிரானது: பீங்கானுக்குள் வெளிச்சத்தை விடுவது. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்குக் கிரவுன் செய்து கொடுக்கும் சிறிய லேப் அது.

சன்னலோரம் ஓர் இளம்பெண் முன்பல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தட்டில் பீங்கான் தூள், அதில் காய்ச்சி வடித்த நீர். குழைக்கும் கரண்டி அகேட் கல்லில் செய்தது. "இரும்பு பட்டா சாம்பல் நிறம் ஏறிடும், அண்ணே," என்றார். தூரிகை நுனியில் குழைவை எடுத்து முதலில் டென்டின் நிறம், அதன்மேல் எனாமல் நிறம் என்று ஏற்றினார். இடையிடையே, பல்லைப் பிடித்திருக்கும் இடுக்கியின் மேல் ரம்பப் பல் போட்ட கைப்பிடி ஒன்றை மெல்ல உரசினார். அந்த அதிர்வில் நீர் மேலே கசிந்தது. டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்தார். மறுபடி உரசல், மறுபடி ஒற்றல். வெளியேறும் நீர் துகள்களை நெருக்கி உட்காரவைத்துவிட்டுப் போகிறது. அவர் கட்டிய பல் வேண்டிய அளவைவிடப் பெரிதாக இருந்தது. சூளையில் சுருங்குவதைக் கண்ணளவிலேயே கணித்திருந்தார்.

சூளை காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் சுடுகிறது. துகள்களுக்கிடையே சிக்கிய காற்றுதான் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. ஒளியின் அலைநீளத்தை, அதாவது 400 முதல் 700 நானோமீட்டரை ஒத்த நுண்துளைகள் மிகவும் கெடுதல். மொத்தப் பருமனில் ஒரு விழுக்காட்டுக்கும் மிகக் குறைவாக இருந்தாலே போதும், தெளிவாக வரவேண்டிய பொருள் வெளுத்துப்போகும்.

லேப் நடத்தும் பெரியவர் 1990களில் இன்-செராம் பல் செய்தவர். அதைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிரான்சின் மிக்காயேல் சதூன் உருவாக்கி, விட்டா நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த முறை அது. அலுமினாத் தூளை நீரோடும் சிதறல் திரவத்தோடும் சேர்த்து, மீயொலித் தொட்டியில் வைத்துக் கூழ்மமாக்க வேண்டும். துகள்கள் திரண்டுவிடாமல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கச் செய்வது சிதறல் திரவத்தின் வேலை. அந்தக் குழம்பைப் பிளாஸ்டர் பல்லின்மேல் தூரிகையால் பூசினால் பிளாஸ்டர் நீரைக் குடித்துவிடும். துகள்கள் இறுகப் படியும். பிறகு 1120 டிகிரியில் சுட்டு, உருகிய கண்ணாடியை உள்ளே ஊறவிடுவார்கள்.

"குழம்புல கட்டி இருந்தா ஃபர்னஸ்ல கரையாது, தம்பி. அந்த இடத்துல ஓட்டை விழுந்து நிக்கும்," என்றார். நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அது தெளிவாக இருந்தது. ஒளிபுகும் பீங்கானின் தலைவிதி நெருப்புக்கு முன்பே, ஈரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அலுமினாவுக்குப் பதிலாக மக்னீசியம் அலுமினேட் ஸ்பினல் எடுத்தால் பல் இன்னும் தெளியும். அதன் படிகம் எத்திசையிலும் ஒளியை ஒரே அளவில் வளைப்பது. ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் இதே ஸ்பினலைக் கூழ்ம முறையில் உருவாக்கி, உயர் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கி, மறுபக்கத்து எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவான பீங்கானாக்குகிறது. குண்டு துளைக்காத சன்னல்களுக்கு ஏற்ற அந்தப் பொருளின் நெருங்கிய உறவைப் பெரியவர் இந்த மாடியில் தூரிகையால் பூசியிருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது லேபில் பெரும்பாலும் ஜிர்க்கோனியாப் பீங்கான்தான். கணினியில் வரைந்ததை இயந்திரம் கடைந்துவிடுகிறது. ஏறக்குறைய 1500 டிகிரியில் சுடும்போது நீளவாக்கில் 20 விழுக்காடு சுருங்குகிறது. அதில் கலக்கும் இட்ரியாவை 3 மோல் விழுக்காட்டிலிருந்து 5 ஆக்கினால் வெளிச்சம் கூடுதலாகப் புகும், ஆனால் வலிமை குறையும். கடைவாய்ப் பல்லுக்கு இயந்திரமே போதும். தனியாக நிற்கும் முன்பல் அப்படியல்ல. இயற்கையான எனாமலின் நுனி முன்னாலிருந்து பார்க்க நீலம் காட்டும்; பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் செம்மஞ்சள் காட்டும். அதற்கு அந்தப் பெண்ணின் தூரிகைதான் வேண்டும்.

எனக்கு உறுத்தியது தூசி. பீங்கானைத் தேய்த்துச் சரிசெய்யும்போது பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலில் தங்கி நோயாவதைப் பல நாட்டு மருத்துவர்கள் பல் தொழில்நுட்பர்களிடம் பதிவு செய்திருக்கிறார்கள். உறிஞ்சும் இயந்திரம் ஓடாமல் இங்கே யாரும் தேய்க்கக் கூடாது என்பது பெரியவர் போட்ட விதி.

"வாய்க்குள்ள போற பல்லு, சுத்தமா செய்யணும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க மூச்சுக்குள்ள போறத யாரு கேக்குறா?" என்றார் அந்தப் பெண், முகக்கவசத்தைக் கழற்றாமலே.

வடிகட்டி மாற்ற வேண்டிய தேதி சுவரில் எழுதப்பட்டிருந்தது. அந்தச் செலவையும் கிரவுன் விலையில் சேர்த்தே லேப்கள் கேட்க வேண்டும். மருத்துவர்கள் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும்.