நாலே முக்காலுக்கு ராத்திரி!

தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். யாராவது "ஸார், இன்னிக்கு மூடு சரியில்லை" என்று லீவு கேட்டு வந்தால், "மூடாவது, திறப்பாவது! போய் சீட்டுல உக்காருய்யா" என்று விரட்டிய ஆசாமி.

அப்படிப்பட்ட என்னை, 67-வது வயதில், ஒரு குளிர்காலம் விசும்பி விசும்பி அழ வைத்துவிட்டது.

2022 அக்டோபரில் நானும் என் மனைவியும் திருநெல்வேலியிலிருந்து கிளம்பி, டொரொன்டோவில் மகன் வீட்டில் போய் இறங்கினோம். முதல் மூன்று வாரம் ராஜபோகம். மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக, கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி ஜொலித்தது. நவம்பர் முதல் சனிக்கிழமை ராத்திரி மகன் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தான்.

"அப்பா, இன்னிக்கு ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா தூங்கலாம்!"

இனாம் என்றால் நமக்குக் கசக்குமா? சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாளே சாயங்காலத்தைப் பிடுங்கிக்கொண்டு கணக்கை நேர் பண்ணிவிடுவார்கள் என்று அப்போது தெரியவில்லை.

டிசம்பர் வந்தது. சூரியன் தலையைக் காட்டக் காலை ஏழே முக்கால் ஆகும், அதுவும் மேகம் அனுமதித்தால். சாயங்காலம் நாலே முக்காலுக்குள் கடையைக் கட்டிவிடும். மொத்தப் பகலே 9 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். நம்ம திருநெல்வேலியில் டிசம்பரிலும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறையாது! பஜ்ஜி சாப்பிட வேண்டிய நேரத்தில் என் மனைவி சாமி விளக்கை ஏற்றிவிட்டு, "ராத்திரிக்கு என்னங்க செய்யட்டும்?" என்பாள்.

கொஞ்சம் கொஞ்சமாக நான் வேறு ஆளானேன். பத்து மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் மறுபடி தூக்கம் வந்தது. சோறு, உருளைக்கிழங்கு, பேத்தியின் பிஸ்கட் என்று கண்டதையும் தின்றேன். பேன்ட் பட்டன் ராஜினாமா செய்தது. தினமும் போடும் குறுக்கெழுத்தைத் தொடவில்லை. ஊரிலிருந்து நண்பர் போன் செய்தால், "குளிக்கிறார்னு சொல்லு" என்று மனைவிக்கு ஜாடை காட்டுவேன். மைனஸ் பத்து டிகிரி ஊரில் ஒரே நாளில் மூன்று தடவை குளித்ததாகக் கணக்கு வந்ததும்தான் அவருக்கே சந்தேகம் வந்தது.

ஒருநாள் பேத்தி பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். மஞ்சளாக ஒரு சூரியன். அதற்கு வாய், சிரிக்கும் பல் எல்லாம் உண்டு. அதைப் பார்த்ததும் என் கண்ணில் தண்ணீர். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

"தாத்தா, நான் நல்லா வரையலையா?" என்று குழந்தை பயந்துவிட்டது.

அன்று ராத்திரி மனைவி கிசுகிசுத்தாள். "யாரு என்ன சொன்னா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை."

"மறைக்காதீங்க. ரெண்டு வாரமா அவ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறாளே, எனக்குத் தெரியாதா? டிக்கெட்டை மாத்தச் சொல்லுங்க. ஊருக்குப் போயிருவோம்."

அந்த 'அவ', எங்கள் மருமகள். அந்தப் பெண் மீது எங்களுக்கு ஏழு வருஷத்து மனத்தாங்கல் ஒன்று உண்டு. கோடையில் போன் செய்தால் கலகலவென்று பேசுவாள். பொங்கலன்று செய்தால், "ம்... சரி அத்தை... வெச்சிரட்டுமா?" அவ்வளவுதான். "சம்பாதிக்கிற திமிர்" என்பாள் மனைவி. நானும் 'ஆமாம்' போட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை ஆறரை மணி. தண்ணீர் குடிக்க எழுந்தவன், கீழ்த்தளத்து அறையிலிருந்து வெளிச்சம் கசிவதைப் பார்த்துப் படியிறங்கிப் போனேன். மருமகள் கையில் காபியோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜைமேல், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்ப்பார்களே, அந்தமாதிரி ஒரு பெட்டி பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் அணைக்கப் போனாள்.

"ஏம்மா, கரண்ட் பில்லுக்குப் பயந்தா?" என்றேன்.

சிரிக்க முயன்றாள். வரவில்லை.

"இல்லை மாமா. வருஷா வருஷம் நவம்பர் வந்தா எனக்கு மனசு இருட்டிரும். யார்கிட்டயும் பேசப் பிடிக்காது. மார்ச் வந்தா தானா சரியாயிரும். டாக்டர்தான் இதை வாங்கச் சொன்னார். அத்தைக்குத் தெரிஞ்சா பைத்தியம்னு நினைப்பாங்களோன்னு இங்கே ஒளிச்சு வெச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நேத்து நீங்க அழுதீங்கன்னு பாப்பா சொன்னா. கேட்டதுமே எனக்குப் புரிஞ்சிருச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை."

எனக்குப் பகீரென்றது. ஏழு பொங்கல்! ஏழு தடவை 'திமிர்' என்று தீர்ப்பு எழுதியிருக்கிறோம், குற்றவாளியை ஒரு வார்த்தைகூட விசாரிக்காமல்.

மகன் என்னை டாக்டரிடம் அழைத்துப் போனான். யாழ்ப்பாணத்துக்காரர். எடுத்த எடுப்பில் விளக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். கண்ணில் கோளாறு உண்டா என்று கேட்டார். "உயிரோட இருந்து என்ன பிரயோசனம் எண்டு தோன்றுதா?" என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன்.

"தோன்றினா விளக்கை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது ஐயா. அண்டைக்கே வரவேணும்" என்றார். "உங்களுக்கு இது முதல் விண்டர். ரெண்டு வருஷமாவது இப்பிடி வந்தாத்தான் வருத்தத்துக்குப் பேர் சொல்லலாம். ஆனா விளக்கு வெச்சுப் பார்க்கலாம்."

பருவகால மனச்சோர்வு என்கிற இந்தச் சமாசாரத்துக்கு 1984-ல் பெயர் வைத்துக் கட்டுரை எழுதியவர்களில் முக்கியமானவர் நார்மன் ரோசந்தால் என்கிற மனநல மருத்துவர். அவரே தென்னாப்பிரிக்க வெயிலில் வளர்ந்து, நியூயார்க் போய், குளிர்காலத்தில் சுருண்டு போனவராம். வெயிலின் அருமை வெயில் ஊர்க்காரனுக்குத்தானே தெரியும்!

நமக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. காலை வெளிச்சம் கண் வழியாகப் போய் அதற்குச் சாவி கொடுக்கிறது. சாவி கிடைக்காவிட்டால் கடிகாரம் பின்தங்கி, விடிந்த பிறகும் உடம்பு ராத்திரி என்றே நினைத்துக்கொள்கிறது என்கிறார்கள். வீட்டு விளக்குகளின் வெளிச்சம் 300, 500 லக்ஸ் தேறினால் அதிகம். அந்தப் பெட்டி 10,000 லக்ஸ். நம்ம ஊர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். குடையைப் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்த்தேனே, அத்தனையும் இலவச வைத்தியம்!

காலையில் எழுந்ததும் அரை மணி நேரம், பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார வேண்டும். வெளிச்சம் கண்ணில் படலாம், ஆனால் முறைத்துப் பார்க்கக் கூடாது. ராத்திரியில் போடக் கூடாது, போட்டால் உள்ள தூக்கமும் கெடும். மத்தியானம் மேகமாக இருந்தாலும் வெளியே நடக்க வேண்டும். மூடிய வானத்தின் கீழேயும் வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. ஸ்வெட்டர், கோட்டு, குல்லாய், பூட்ஸ் எல்லாம் மாட்டி நான் தயாராவதற்குள், "பொழுது சாஞ்சிரும் போலிருக்கே" என்று மனைவி கிண்டலடித்தாள்.

மறுநாளிலிருந்து பெட்டி முன்னால் ரெண்டு நாற்காலி. மாமாவும் மருமகளும் பேசாமல் உட்கார்ந்து காபி குடிப்போம். மூன்றாம் நாள் கேட்டேன்: "அத்தைகிட்ட நான் சொல்லட்டுமாம்மா?" வெகுநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

மனைவியிடம் சொன்னேன். பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் ஆறரைக்குப் படிக்கட்டில் சத்தம். ரெண்டு டம்ளர் காபியோடு இறங்கி வந்தவள், மருமகள் முன்னால் முதலில் வைத்தாள்.

"ஒண்ணும் தெரியாம நான்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நின்றாள்.

"பரவாயில்லை அத்தை, உக்காருங்க" என்று தன் நாற்காலியில் பாதியை விட்டுக் கொடுத்தாள் அந்தப் பெண்.

ரெண்டு வாரத்தில் என் கை குறுக்கெழுத்தைத் தேடியது. நண்பரின் போனை நானே எடுத்தேன். "என்ன ஓய், குளிச்சு முடிச்சாச்சா?" என்றார். மருமகள் விளக்கோடு நிறுத்தாமல் ஆலோசகர் ஒருவரிடமும் போய்ப் பேசிவிட்டு வர ஆரம்பித்தாள், இந்தத் தடவை எங்களிடம் சொல்லிவிட்டே.

2023 ஏப்ரலில் ஊர் திரும்பினோம். இப்போதெல்லாம் பொங்கலன்று காலையில் போன் செய்வதில்லை. சாயங்காலம் ஐந்தரைக்குச் செய்கிறோம். அங்கே அப்போது காலை 7 மணி. என் மனைவியின் முதல் கேள்வி, "பொங்கல் வெச்சியா?" அல்ல. "விளக்கு முன்னாடி உக்காந்தியாம்மா?" என்பதுதான்.

சில வருஷம் "ம்..." என்று மட்டும்தான் பதில் வருகிறது. அதனால் என்ன? மீதியை நாங்கள் பேசிவிடுகிறோம். பேசுவதற்கு என் மனைவிக்குச் சொல்லியா தர வேண்டும்!