துரியோதனனுக்கு எதற்கு சொர்க்கம்?

நம்மில் நிறையப் பேர் மகாபாரதத்தைப் பதினெட்டாம் நாள் போரோடு மூடி வைத்துவிடுகிறோம். அதற்கப்புறம் வருகிற கடைசி பர்வம் சின்னது, ஆனால் வில்லங்கமானது. தர்மர் உடம்போடு சொர்க்கத்துக்குப் போகிறார். போனவுடன் அவர் கண்ணில் படுவது யார் என்று நினைக்கிறீர்கள்? துரியோதனன்! ஜம்மென்று ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். பீமனையும் காணோம், அர்ஜுனனையும் காணோம்.

தர்மருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. "இவன் இருக்கிற இடம் எனக்கு வேண்டாம், என் தம்பிகள் எங்கேயோ அங்கே கொண்டு போய் விடுங்கள்" என்கிறார். நாரதர் சிரித்துக்கொண்டே, சொர்க்கத்தில் பகை கிடையாது, அவன் க்ஷத்திரிய தர்மப்படி போர்க்களத்தில் உயிரைக் கொடுத்தான், அதற்கு இது கூலி என்று சமாதானம் சொல்கிறார்.

தர்மரின் கோபத்தை நான் முதலில் கேட்டது புத்தகத்தில் அல்ல, வங்கி கவுண்டரில். 2008-ல் மத்திய அரசின் விவசாயக் கடன் தள்ளுபடி வந்தபோது நான் தமிழ்நாட்டில் ஒரு கிளையில் ஜூனியர் அதிகாரி. டிசம்பர் 31, 2007 அன்று தவணை தவறி நின்ற கடன்களுக்குத்தான் சலுகை. நகையை விற்றாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு ஒன்றும் கிடையாது. ஒரு பெரியவர் ரசீதுகளை மேஜை மேல் வைத்துவிட்டு, "அப்ப கட்டினவன் முட்டாளா தம்பி?" என்றார். திட்டத்தில் இருந்த நியாயம் எனக்குத் தெரியும். கட்டாதவர்களில் பலர் நிஜமாகவே கட்ட முடியாதவர்கள். ஆனாலும் அந்தப் பெரியவருக்கு அதை எப்படிச் சொல்வது?

சரி, துரியோதனன் திருந்தாதவன். திருந்தியவனாக இருந்தால்? இங்கேதான் நான் இப்போது இருக்கும் கொல்கத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வங்காளிகளுக்குத் திருந்தியவர்கள் மேல் தனிப் பிரியம் உண்டு. நம் ஊரில் கொள்ளைக்காரர் வால்மீகி ஆன கதையை "மரா மரா" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவோம். இங்கே ரவீந்திரநாத் தாகூர் 1881-ல், 19 வயதில், 'வால்மீகி பிரதிபா' என்று ஓர் இசை நாடகமே எழுதி, ஜோராசாங்கோ வீட்டில் தானே வால்மீகியாக நடித்தார். கொள்ளைக்கூட்டத் தலைவன், காளிக்குப் பலி கொடுக்கப் பிடித்து வந்த சிறுமியின் அழுகையைக் கேட்டு மனம் இளகி விட்டுவிடுகிறான். பிறகு லட்சுமி வந்து செல்வம் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்கிறான். (வங்கிக்காரனுக்கு வயிறு எரியும் இடம் :-)) கடைசியில் சரஸ்வதி வந்து பாட்டைத் தருகிறாள்.

இதே நாடகத்தை நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் கொல்கத்தா சிறைக் கைதிகளை வைத்து மேடையேற்றினார். 2007-ல் சிறைக்குள் நடனம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தவர் அவர். கைதிகள் அவரை "மா" என்றுதான் கூப்பிடுவார்கள். வால்மீகியாக நடித்த நைஜல் அக்காரா, பல வருடங்கள் சிறையில் இருந்து 2009-ல் வெளியே வந்தார். 2012-ல் இதே பின்னணியில் எடுத்த 'முக்தோதாரா' படத்தில் நடித்து சினிமா நடிகராகிவிட்டார். மேற்கு வங்கத்தில் ஜெயிலுக்கு அதிகாரப்பூர்வமான பெயரே திருத்தும் இல்லம் என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெரியவரின் கேள்வி அப்படியே நிற்கிறதே? எனக்குக் கொஞ்சம் தெளிவு கொடுத்தவர்கள் ஜகாய், மாதாய் என்ற இரண்டு ரவுடிகள்.

கொல்கத்தாவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் நவத்வீபத்தில், 16-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் நடந்ததாகச் சொல்லும் கதை. பிருந்தாவன தாசரின் சைதன்ய பாகவதத்தில் வருகிறது. குடித்துவிட்டு ஊரையே மிரட்டும் அண்ணன் தம்பி. நாம சங்கீர்த்தனம் செய்யச் சொல்லி வந்த நித்யானந்தரின் நெற்றியில் மாதாய் உடைந்த பானையால் அடித்துவிடுகிறான். ரத்தம் கொட்டுகிறது. இரண்டாவது அடியைத் தடுத்தவன் ஜகாய். ஓடி வந்த சைதன்யர், தடுத்த ஜகாயை அணைத்துக்கொள்கிறார். மாதாயும் காலில் விழுகிறான். அவனிடம் சைதன்யர், நீ அடித்தது நித்யானந்தரை, அவர் மன்னித்தால்தான் உண்டு என்று சொல்லிவிடுகிறார்.

கவனித்தீர்களா? கடவுளின் அவதாரமே என்று பக்தர்கள் கும்பிடுகிறவர், மன்னிக்கும் உரிமை என் கையில் இல்லை, அடிபட்டவர் கையில் இருக்கிறது என்கிறார்.

நித்யானந்தர் மன்னித்தும் மாதாய்க்கு நிம்மதி வரவில்லை. பெயர்கூடத் தெரியாத எத்தனையோ பேரை அடித்திருக்கிறானே, அவர்களை எங்கே தேடுவது? கங்கைக் கரையில் படித்துறையைச் சீர் செய், குளிக்க வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேள் என்கிறார் நித்யானந்தர். மாதாய் தானே மண்வெட்டி எடுத்து வேலை செய்து, வருகிறவர் போகிறவரை எல்லாம் கும்பிட்டுக்கொண்டே இருந்தானாம். அருளும் கிடைத்தது, மண்வெட்டியும் கிடைத்தது. ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்யவில்லை.

மகாபாரதத்திலும் இந்திரன் கடைசியில் இதைத்தான் விளக்குகிறான். பாவம் அதிகம் செய்தவன் முதலில் சொர்க்கத்தை அனுபவித்துவிட்டு நரகம் போவான், புண்ணியம் அதிகமுள்ளவன் முதலில் நரகத்தைப் பார்ப்பான். வங்கியில் ஒருவருடைய டெபாசிட்டை அவர் கடனில் கழித்துக்கொள்வதை செட்-ஆஃப் என்போம். மேலுலகத்தில் செட்-ஆஃப் கிடையாது, இரண்டு கணக்கும் தனித்தனி. கீழேயும் கொஞ்சம் அப்படித்தான். குறைத்துக் கட்டி முடித்த கடன், சிபில் அறிக்கையில் 'க்ளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். கணக்கு முடிந்தாலும் தடம் இருக்கும்.

போன வருடம் எங்கள் குடியிருப்பில் இது கதையாக இல்லாமல் நேரிலேயே வந்தது. முன்பு எங்களிடம் படிக்கட்டு துடைத்துக்கொண்டிருந்த ஒருவர், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் மாஷிமாவின் தங்க வளையல்களைத் திருடி ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்து அதே வேலையைக் கேட்டார். கமிட்டியில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். ஒருவர் வால்மீகி என்றார், இன்னொருவர் போலீஸ் வெரிஃபிகேஷன் என்றார். மாஷிமாவைக் கேட்போமே என்றேன். போய்க் கேட்டோம். "வேலை கொடுங்கள், அவனுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் என் மாடிக்கு வரக்கூடாது" என்றார்.

அப்படியே செய்தோம். இன்றைக்கும் மூன்றாவது மாடியை மட்டும் வேறொரு பெண்தான் துடைக்கிறார். மாஷிமா மனம் மாற வேண்டும் என்று யாரும் அவரை வற்புறுத்தவில்லை. அவரும் ஒழுங்காக வேலை பார்க்கிறார்.

ஆகவே என் கட்சி இதுதான்: திருந்தியவனுக்குப் பரிசு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். இல்லையென்றால் எவன் திருந்துவான்? ஆனால் அந்தப் பரிசு மன்னிப்பு ஆகாது. மன்னிப்பு அடிபட்டவரின் சொத்து. அதை எடுத்து வேறு யாரும் தானம் செய்ய முடியாது.

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது என் மனைவி கேட்டாள்: "நாரதர் பேசினார், இந்திரன் பேசினான், தர்மர் கோபப்பட்டார், எல்லாம் சரி. சொர்க்கத்தில் துரியோதனனுக்கு ஆசனம் போட்டதைப் பற்றி திரௌபதியை யாராவது கேட்டார்களா?"

யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள்.