படம் யாருக்கு உரியது?

1901-ஆம் ஆண்டில் கோடக் நிறுவனம் 120 என்னும் எண்ணிட்ட பிலிம் சுருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அகலம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். சதுரப் படங்களாக எடுத்தால் ஒரு சுருளில் 12 மட்டுமே கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு நெகட்டிவும் 35 மில்லிமீட்டர் நெகட்டிவைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்கு பரப்புடையது. ஜெர்மனியில் வெளிவந்த ரோலிஃப்ளெக்ஸ் முதல், நம் நாட்டுக் குடும்பங்கள் பல பழகிய அக்ஃபா கிளிக் 3 வரை, எத்தனையோ கேமராக்கள் இச்சுருளை ஏற்றன. கையடக்கத் தொலைபேசியில் நூற்றுக்கணக்கில் படமெடுக்கும் இந்நாளிலும் இச்சுருள் மறையவில்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்ற அன்பர்கள் சிலர், மாதம் ஒருமுறை கூடித் தாங்கள் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டி உரையாடுகின்றனர். சென்னையில் இத்தகைய ஆர்வம் புதிதன்று. மெட்ராஸ் புகைப்படச் சங்கம் 1857-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. இவ்வன்பர்களின் கூட்டமோ பதிவேடும் பதவிகளும் இல்லாதது. நாமும் சில வேளைகளில் அங்கே அமர்வதுண்டு.

நெகட்டிவ்களைத் தாளின்மேல் நேரே படியவைத்து எடுத்த கான்டாக்ட் பிரின்ட் மேசையில் விரிக்கப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடி கைமாறும். ஒளி எங்கிருந்து விழுந்தது, கறுப்பில் விவரம் தங்கியதா, ஓரடி விலகி நின்றிருக்கலாமா எனப் பேச்சு நீளும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே வாய்ப்புகள் என்பதால், ஒவ்வொரு படத்திற்கும் எடுத்தவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவராகிறார்.

ஒருமுறை பெரிய வாக்குவாதம் எழுந்தது. பூந்தமல்லிக்கு அருகே ஒரு மூதாட்டி தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்ததை ஓர் அன்பர் 2014-இல் படம் எடுத்திருந்தார். முகத்தின் சுருக்கங்கள், தோடு இழந்த காதின் துளை, ஒட்டுப்போட்ட சேலை, எதுவும் தப்பவில்லை. "கண்காட்சியில் முதலிடம் பெறத் தக்கது" என்றனர் சிலர். "தோடு அடகில் இருப்பதை ஊரெல்லாம் பார்க்க அந்த அம்மா இசைந்தார்களா?" என்று ஒருவர் வினவினார். கலைக்கு அத்தனை தடை கூடாது என்றார் இன்னொருவர். முடிவில், அந்த அம்மாவிடமே படத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதென்று தீர்மானித்தனர்.

படத்தைக் கையில் வாங்கிய அம்மூதாட்டி தம் முகத்தை நெடுநேரம் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவின் வழியே, உட்சுவரில் மாட்டியிருந்த சிறு படத்தின்மேல் விரலை வைத்தார். அது அவருடைய காலஞ்சென்ற கணவரின் படம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது நனைந்து அழிந்துபோயிருந்தது. "ஐயா, இவரை மட்டும் பெரிசாக்கித் தர முடியுமா?" என்று கேட்டார்.

நெகட்டிவில் சில மில்லிமீட்டர் அளவே இருந்த அம்மூலையை அன்பர்கள் அஞ்சலட்டை அளவுக்குப் பெரிதாக்கினர். உருவம் மங்கலாகவே வந்தது. ஆயினும் மீசையும் நெற்றியும் அடையாளம் தெரிந்தன. மூதாட்டிக்கு அதுவே போதுமாயிருந்தது. திண்ணைப் படத்தை மாட்டவேண்டாம் என்றும் அவர் சொல்லிவிட்டார். அது கண்காட்சிக்குப் போகவில்லை.

பெரிய நெகட்டிவ் எதையும் மறைப்பதில்லை என்பது அக்கலையின் பெருமை. எளியவரின் வறுமையை வெளிச்சத்தில் நிறுத்துவதும் அதே ஆற்றல்தான். மறைந்த ஒருவரின் முகத்தை மீட்டுத் தந்ததும் அதே ஆற்றல்தான். எதற்கு அது பயன்படும் என்பதைக் கண்ணாடி வில்லை தீர்மானிப்பதில்லை.

படத்தைப் பகிர்வது என்றால் நாம் பெரும்பாலும் பார்வையாளரையே எண்ணுகிறோம். படத்தில் இருப்பவர் நினைவுக்கு வருவது கடைசியில்தான். அவ்வன்பர்கள் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள்: மனிதர் உள்ள படமானால், முதல் பிரதி அவருக்கே. மேசைக்கு வருவது இரண்டாவது பிரதி.