எல்லோரும் வந்தவர்களே

உலகப் படத்தைச் சுவரில் மாட்டிப் பல ஆண்டுகள் பாடம் சொன்னவன் நான். அப்படத்தில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவில், இந்துமாக்கடலில் ஒரு சிறு புள்ளி உண்டு. அதுவே மொரீஷியஸ். "அவர்கள் பிழைக்க வந்தவர்கள், நாங்கள் பூர்வீகம்" என்று நம் ஊர்களிலும், ஏன், நம் பங்குகளிலுங்கூட ஒருவர் மற்றவரைச் சுட்டிப் பேசக் கேட்கும்போதெல்லாம் என் எண்ணம் அப்புள்ளியை நாடிச் செல்கிறது. ஏனெனில் அங்கே பூர்வகுடிகள் என்று எவரும் இல்லை.

எரிமலை எழுப்பிய தீவு அது. பெரிய தீவின் பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். கரையைச் சுற்றிப் பவளப் பாறைகள் அரணாக நிற்கின்றன. உள்ளே கரும்புத் தோட்டங்களும் கறுத்த மலைகளும். உயரமான சிகரமே 828 மீட்டர்தான். கிழக்கே வெகு தொலைவில் கிடக்கும் ரோட்ரிக்ஸ் தீவும் இந்நாட்டைச் சேர்ந்ததே. அங்கு வாழ்வோரில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

1598-ல் டச்சுக்காரர் இங்கு இறங்கியபோது குடியிருந்தோர் யாருமில்லை. பறக்கவியலாத டோடோ என்னும் பறவையே தீவின் செல்வமாய் இருந்தது. மனிதனும் அவன் கொணர்ந்த விலங்குகளும் வந்து நூறு ஆண்டுகள் நிறைவதற்குள் அப்பறவை பூண்டோடு அழிந்தது. 1710-ல் டச்சுக்காரர் விலகினர். 1715-ல் பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடினர். 1735-ல் ஆளுநராக வந்த லாபூர்தொன்னே போர்ட் லூயித் துறைமுகத்தை எழுப்பினார். அவ்வேலைக்குப் புதுவைப் பகுதியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். 1810-ல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

கத்தோலிக்கராகிய நாம் கூசாமல் நோக்கவேண்டிய பக்கம் ஒன்று இவ்வரலாற்றில் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளுக்காக 1723-ல் பிரெஞ்சு அரசு ஒரு சட்டம் செய்தது. அடிமைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவேண்டும் என்று அது கட்டளையிட்டது. அதே சட்டம் அவர்களை எசமானின் உடைமைப் பொருளாகவும் கணக்கிட்டது. இறைவனின் பிள்ளை என்று தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு, மறுகணமே அவன் கழுத்தில் விலைச்சீட்டைத் தொங்கவிட்டால், அந்தத் தண்ணீருக்கு அவன் என்ன பொருள் கொண்டிருப்பான்?

1835 பெப்ருவரி முதல் நாள் அடிமை முறை ஒழிந்தது. இழப்பீட்டுத் தொகை எசமானர்களுக்குக் கிடைத்தது; விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. விடுதலை என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் பழைய எசமானிடமே உழைக்குமாறும் அவர்கள் கட்டுப்படுத்தப்பட்டனர். நிலமோ கல்வியோ இன்றித் தெருவில் நின்ற அம்மக்களிடையே 1841 செப்டம்பர் 14 அன்று வந்திறங்கினார் குருவானவர் ஜாக் தெசிரே லவால். நார்மண்டியில் பிறந்து, மருத்துவராய்த் தொழில் புரிந்து, பின்னர் குருப்பட்டம் பெற்றவர் அவர். வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் ஏளனத்தை அவர் பொருட்படுத்தவில்லை. அம்மக்களின் கிரியோல் மொழியைக் கற்றார். அம்மொழியிலேயே மறைக்கல்வி புகட்டினார். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்களுக்காக மாலையில் வகுப்பு நடத்தினார். அவர்களுள்ளிருந்தே ஆண்களையும் பெண்களையும் உபதேசியார்களாக உருவாக்கினார். விலைச்சீட்டுத் தொங்கிய கழுத்தில் மனித மாண்பை மீண்டும் அணிவித்தவர் அவர். 1864 செப்டம்பர் 9 அன்று அவர் இறைவனடி சேர்ந்தார். 1979-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

அடிமைகள் விட்டுச்சென்ற கரும்புக் காட்டிற்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் அவ்வாறு போர்ட் லூயிக் கரையில் இறங்கினர். அவர்களுள் சென்னை மாகாணத்துத் தமிழரும் பல்லாயிரவர். அவர்கள் ஏறிச் சென்ற 16 கற்படிகள் இன்றும் அங்கு உள்ளன. ஆப்பிரவாசி காட் எனப்படும் அவ்விடம் 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அந்தப் படிகளை ஏறியவர்களின் பேரப்பிள்ளைகளும், விலங்கோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும், விலங்கு பூட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும், வாணிகத்திற்காக வந்த சீனரும் சேர்ந்ததே இன்றைய மொரீஷியஸ்.

1968 மார்ச் 12 அன்று நாடு விடுதலை பெற்றது; 1992-ல் குடியரசாயிற்று. அதன் முதல் குடியரசுத் தலைவர் வீராசாமி ரிங்காடு தமிழ் வழியினர். மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்துக்கள். நான்கில் ஒருவர் கத்தோலிக்கர். ஆறில் ஒருவர் இஸ்லாமியர். சட்டமன்றத்தில் ஆங்கிலம், செய்தித்தாளில் பிரெஞ்சு, வீட்டில் கிரியோல் என்று மொழிகள் வழங்குகின்றன. சட்டமன்றத்திற்கு 62 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அதன்மேல், போதிய இடம் பெறாத சமூகங்களுக்காகத் தோற்றவர்களுள் சிறந்தோருக்கு எட்டு இடங்கள் வரை ஒதுக்க அரசியலமைப்பு வழிசெய்தது. இம்முறை மக்களைச் சமூக முத்திரையோடு கட்டிவைக்கிறது என்ற குறைகூறலும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், "வென்றவனுக்கே எல்லாம்" என்று சொல்லாமல், தோற்றவனுக்கும் ஒரு நாற்காலி போட எண்ணிய மனத்தை நான் மதிக்கிறேன்.

அத்தீவைச் சுவர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. விடுதலைக்கு இரு மாதங்களுக்கு முன் போர்ட் லூயியில் இனக்கலவரம் மூண்டு உயிர்கள் பறிபோயின. 1993-ல் குருவானவர் ரோஜே செர்வோ, அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள் நாட்டின் வளர்ச்சியில் பின்தள்ளப்பட்டுக் கிடப்பதை வெளிப்படையாக எடுத்துரைத்தார். 1998-ல் புதிய பணத்தாளில் தமிழ் எழுத்தை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது தமிழர் கொதித்தெழுந்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்றது. 1999-ல் காயா என்ற கிரியோல் பாடகர் காவலில் இறந்தபோது தீவு பற்றி எரிந்தது. அடிமை முறையும் கூலி முறையும் விட்டுச்சென்ற புண்களை ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டு, 2011-ல் அறிக்கை தந்தது. கூடி வாழ்தல் அங்கே வானத்திலிருந்து விழுந்த வரம் அன்று. நாள்தோறும் செய்யவேண்டிய வேலை.

அவ்வேலையின் கண்கண்ட அடையாளத்தை லவால் அடிகளாரின் கல்லறையில் காணலாம். ஆண்டுதோறும் செப்டம்பர் 8 இரவு முதல் திரளான மக்கள் சேன்ட் குருவா என்னும் அவ்விடத்திற்கு நடந்து வருகின்றனர். இந்துக்களும் இஸ்லாமியரும் சீனரும் அத்திரளில் உண்டு. அதே நாளில்தான் நம் வேளாங்கண்ணியிலும் எல்லாச் சமயத்தாரும் அன்னையின் திருவிழாவில் கூடுகின்றனர். 2019 செப்டம்பர் 9 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அத்தீவுக்குச் சென்று திருப்பலி நிறைவேற்றியதும் லவால் அடிகளாரின் நினைவுநாளில்தான்.

திருச்சபையும் அத்தீவைப் போன்றதே என்பது என் கருத்து. இதில் பிறப்பால் பூர்வகுடிகள் யாருமில்லை. பாட்டன் காலத்தில் வந்தவரும், நேற்றுத்தான் திருமுழுக்குப் பெற்றவரும், ஒரே தண்ணீரின் வழியாகவே கரையேறினோம். அப்படியிருக்கக் கோவிலில் முன்வரிசை யாருக்கு, தேர் முதலில் எந்தத் தெருவுக்கு, கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை யாருக்கு என்று நாம் வழக்காடுவது எவ்வளவு பொருந்தாச் செயல்! எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள் என்பதை மறவாதீர் என இறைவன் தம் மக்களுக்கு நினைவூட்டினார். அந்த நினைவை இழந்த பங்கில் பீடம் இருக்கலாம், மணி ஒலிக்கலாம். சகோதர அன்பு இராது.

ஆகவே, அடுத்த ஞாயிறு உங்கள் பங்குக்குப் புதிதாய் வந்த குடும்பம் எங்கே அமர்ந்திருக்கிறது என்று சற்றே திரும்பிப் பாருங்கள். கடைசி வரிசையில் நின்றால், நகர்ந்து இடம் கொடுங்கள். நமக்கும் ஒருநாள் யாரோ அப்படி நகர்ந்து இடம் தந்திருக்கிறார்கள்.