மலையில் இறந்த ஆமை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். எங்கள் லயன் அறைக்குள் ஆமை தானாகப் புகவில்லை. நாங்கள்தான் கொண்டு வந்தோம். கடைசியில் உருப்படாமல் போனது அந்த ஆமைதான்.

எண்பதுகளின் தொடக்கம். பண்டாரவளைக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தோம். லொறியில் உதவியாளாக வேலை செய்த என் மாமா, தனமல்வில பக்கம் போய்த் திரும்பிய ஒரு நாள், சாக்குப்பையில் ஓர் ஆமையைக் கொண்டு வந்தார். கறுத்த ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள் வரைந்தாற்போல் இருந்தது. நட்சத்திர ஆமை, சிங்களத்தில் 'தாரக இப்பா'.

“ஏண்டா, ஆமை பூந்த வூடு வெளங்குமா? எங்க எடுத்தியோ அங்கயே கொண்டுபோய் விட்டுடு!” என்று அம்மாயி மாமாவைத் திட்டினார். நான் அழுது அடம்பிடித்தேன். என் அழுகைதான் வென்றது. பழைய தேயிலைப் பெட்டி ஒன்று அதற்கு வீடாயிற்று. கோவா இலையும் சோறும் போட்டேன்.

அது வடகீழ்ப் பருவமழைக் காலம். நாட்கணக்கில் வெயிலைக் காணவில்லை. பனிமூட்டம் லயன் வாசல் வரை வந்து நின்றது. ஆமை முதலில் தின்பதை நிறுத்தியது. பிறகு நடப்பதை நிறுத்தியது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தொட்டுப் பார்த்தேன். தலையை உள்ளே இழுக்கவில்லை. கொய்யா மரத்தடியில் புதைத்தோம். பீடை ஒழிந்தது என்றார் அம்மாயி.

ஏன் செத்தது என்பது எனக்கு விளங்கியது பல ஆண்டுகள் கழித்துத்தான். நட்சத்திர ஆமை வறண்ட பற்றைக்காட்டுப் பிராணி. அதன் உடலுக்குச் சொந்தமாகச் சூடு கிடையாது. வெயிலில் காய்ந்தால்தான் தின்றது செரிக்கும். வெயிலில்லாத மலையில் நான் எத்தனை கோவா இலை போட்டும் பயனில்லை. என் ஆசையே அதற்கு எமனாயிற்று.

இன்றும் அதே ஆசைக்காக இந்த ஆமைகள் பயணப்பெட்டிகளுக்குள் அடைத்துக் கடத்தப்படுகின்றன. 2019இல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டில், இலங்கையும் இந்தியாவும் வேறு சில நாடுகளும் முன்மொழிய, காட்டிலிருந்து பிடித்த நட்சத்திர ஆமைகளின் சர்வதேச வணிகம் தடை செய்யப்பட்டது.

பத்திரிகைப் பணி என்னை ஒருமுறை தங்காலைக்கு அருகிலுள்ள ரெக்காவ கடற்கரைக்கு அழைத்துச் சென்றது. 1996இல் அங்கு ஆமை முட்டைகளைக் காக்கும் திட்டம் தொடங்கியபோது, அதுவரை முட்டைகளைத் தோண்டி விற்றவர்களையே காவலர்களாக நியமித்தார்கள். 2006இல் அக்கரை சரணாலயமாயிற்று.

நள்ளிரவில் ஒரு பேராமை கரையேறியது. பின்னங்கால்களால் குழி தோண்டி, நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பியது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். கரையில் மின்விளக்கு எரிந்தால் அதைக் கடலின் வெளிச்சமென்று நம்பித் திசைமாறிப் போகும். பிழைப்பது ஆயிரத்தில் ஒன்று என்பார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் பருவத்தை அடைய இருபது முப்பது ஆண்டுகளாவது ஆகும்.

“அது திரும்பி வரும்போது நான் இருக்கமாட்டேன், மாத்தையா” என்றார் எங்களுடன் இருந்த முதிய காவலர். பிறகு, எந்த ஊர் என்று கேட்டார். பண்டாரவளை என்றேன். “மேலே மழை பெய்தால் ஆறுகளின் வழியே இந்தப் பக்கமெல்லாம் பொலித்தீன் வரும்” என்றார். குற்றஞ்சாட்டும் தொனியில் அல்ல. வானிலை சொல்வதுபோல்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

கிரிந்தி ஓயா எங்கள் பண்டாரவளை மலைகளில்தான் பிறக்கிறது. தியலும அருவியின் நீரையும் சேர்த்துக்கொண்டு, வெல்லவாய, தனமல்வில, திஸ்ஸமகாராம வழியே இறங்கி, புந்தல அருகே கடலில் கலக்கிறது. அதுவும் ஆமைகள் முட்டையிடும் கரைதான். லுணுகம்வெஹெர அணை கொஞ்சத்தைத் தடுக்கலாம், எல்லாவற்றையும் தடுக்காது. நீரில் மிதக்கும் பொலித்தீன் பை, ஆமையின் கண்ணுக்கு அது விரும்பித் தின்னும் சொறிமீனாகத் தெரிகிறது. விழுங்கினால் குடல் அடைபட்டுச் சாகிறது.

2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபின், ஜூன் இறுதிக்குள் 176 ஆமைகள் இறந்ததாக நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நாடே கொதித்தது. நானும் கோபமாக எழுதினேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் கானைப் பற்றி மட்டும் அதுவரை ஒரு வரியும் எழுதியதில்லை.

கடந்த ஆண்டு அந்தக் கானைப் போய்ப் பார்த்தேன். ஷாம்பு சாஷேக்கள், உரப்பைகள், மருந்தடித்த போத்தல்கள். தோட்ட மக்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்யவே சட்டம் தடையாக இருந்தது. குப்பை வண்டி வராத இடத்தில் குப்பை எங்கே போகும்? சட்டம் திருந்திவிட்டது, வண்டி லயம்வரை வரவேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதும் ஆமையைக் காக்கும் வேலைதான்.

மற்றவை எளியவை. காட்டில் ஆமையைக் கண்டால் எடுக்காதீர்கள். வீதியில் கண்டால், அது போகும் திசையிலேயே மறுபக்கம் சேர்த்துவிடுங்கள். விலைக்கு வாங்காதீர்கள். கடற்கரைக்குச் சுற்றுலா போனால், தொட்டியில் அடைத்த குஞ்சுகளைக் கையில் ஏந்திப் படம் பிடிக்கக் காசு கொடுக்காதீர்கள்; பிறந்த முதல் நாட்களின் பலம் கடலில் நீந்திப் போவதற்கே வேண்டும்.

அம்மாயி இன்று இல்லை. ஆமை வந்தால் வீடு கெடும் என்ற அவருடைய நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அன்று மாமாவிடம் அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம். எங்கே எடுத்தாயோ, அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடு.